நின்ற இடத்திலிருந்தே தாண்டியவர்

ஒலிம்பிக்கில் இறங்கின 10 போட்டியிலும் தங்கம் வாங்கின ஒருத்தர் இருந்தார். சின்ன வயசில் அவருடைய கால் வாழ்நாள் முழுக்க முடங்கிப் போயிடுமோன்னு எல்லாரும் பயந்தாங்க.

அவர் பெயர் ரே யூரி. 1873-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். இளம்பிள்ளை வாதம் தாக்கி, சிறுவயதில் கொஞ்ச காலம் சக்கர நாற்காலியிலேயே கிடந்தார். கால்களுக்குத் தானாகவே பயிற்சி கொடுத்து எழுந்து நடந்தார். நடந்ததோடு நிற்கவில்லை, தாண்ட ஆரம்பித்தார். பர்டூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். (நானும் அதே படிப்புதான். அதனாலேயே இவர் மேல் எனக்குத் தனிப் பாசம்!)

அந்தக் காலத்தில் ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே தாண்டும் போட்டிகள் இருந்தன. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றாரே, அது ஓடி வந்து தாண்டியது. ஓட்டத்தின் வேகமும் உடம்பை மேலே தூக்க உதவும். யூரிக்கு அந்த உதவி கிடையாது. காலும் கை வீச்சும்தான்.

1900 ஜூலை 16, பாரிஸ். ஒரே நாளில் உயரம், நீளம், மும்முறை தாண்டுதல், மூன்றிலும் தங்கம். உயரத்தில் 1.65 மீட்டர். 1904-இல் மறுபடியும் மூன்று தங்கம். நீளத்தில் 3.47 மீட்டர் போனார், அதாவது ஒரு கஞ்சில் காரின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட! 1906 ஏதென்ஸ், 1908 லண்டன் இரண்டிலும் இரண்டிரண்டு. 1906 போட்டியை இப்போது ஒலிம்பிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படிப் பார்த்தாலும் 8 தங்கம்.

தரையை விட்டுக் கிளம்பும் வேகம் 10 விழுக்காடு கூடினால், உடம்பு எழும்பும் உயரம் 21 விழுக்காடு கூடும். சாதாரண பௌதிகக் கணக்குதான். அதனால்தான் கால் பலம் கொஞ்சம் ஏறினாலும் பலன் நல்லாவே தெரியும்.

செகிஞ்சானில் எங்க கிளைத் தம்பி ஒருத்தன், கால் பலமில்லைன்னு திடல் ஓரமா உட்கார்ந்து புள்ளி எழுதிக்கிட்டே இருப்பான். அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இப்போ வாரம் மூணு நாள், உட்கார்ந்து எழும் பயிற்சி முடிச்சு, புல் தரையில் நின்று தாண்டுறான். எம்பித் தொட்ட இடத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறிச்சு வைக்கிறான். ரெண்டு மாசத்தில் கோடு 4 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. தினமும் தாண்டக் கேட்டான், நான் விடலை. தசை வளர்வது ஓய்வில்தான். சிமெண்டுத் தரையில் தினம் நூறு தடவை குதிச்சா முட்டிதான் போகும்.

1912-க்குப் பிறகு நின்று தாண்டும் போட்டிகளை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துட்டாங்க. யூரியோ நியூயார்க் நகரத்துக்காக நீரியல் பொறியாளராக வேலை பார்த்து, 1937-இல் காலமானார்.