கோகலேயும் ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடமும்

புனேயில் பெர்குசன் கல்லூரிக்கு முன்னே செல்லும் சாலையை அறியாத மாணவர் நம்மில் எவரும் இல்லை. மாலை வேளையில் காப்பி அருந்தவும், புத்தகம் தேடவும், ஒன்றுமில்லாவிட்டால் சும்மா நடந்து வரவும் அங்கேதான் போகிறோம். அந்தச் சாலைக்குக் கோபால கிருஷ்ண கோகலேயின் பெயர் இடப்பட்டிருக்கிறது என்பதை, இந்த ஊருக்கு வந்து ஓராண்டு கழிந்த பின்னரே நான் அறிந்தேன். காந்தியடிகள் அவரைத் தம் அரசியல் குருவாகக் கொண்டார் என்று பள்ளியில் படித்த ஒரு செய்தியைத் தவிர, அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. வெட்கமாக இருந்தது. நூலகத்திலே அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நான் இன்று இங்கே படிப்பதற்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது அப்போது விளங்கிற்று. அதை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

கோகலே 1866ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்தில் கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். எளிய குடும்பம். 1879இல் தந்தையார் காலமானார். கோபாலருக்கு அப்போது வயது 13. அண்ணன் கோவிந்தர் தம் படிப்பை விட்டுவிட்டு மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய 7 ரூபாயில் குடும்பத்தை நடத்தினார். விளக்கெண்ணெய்ச் செலவுக்கு அஞ்சித் தம்பி தெருவிளக்கின் கீழே அமர்ந்து படித்தார் என்று சொல்வார்கள்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். எங்கள் வீட்டில் என் அக்காள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் எனக்குச் செருப்பும் நோட்டுப் புத்தகமும் வந்தன. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். மழை பெய்தால் ஒரு வகுப்பறை ஒழுகும். ஆயினும் அங்கே சம்பளம் கட்ட வேண்டியதில்லை, மதியம் சோறு உண்டு, பாடநூல் இலவசம். அவை இல்லாதிருந்தால் அக்காளுக்குப் பின்னே நானும் திருப்பூருக்குப் போயிருப்பேன்.

கோகலே எல்பின்ஸ்டன் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்து, 1884இல் 18ஆம் வயதில் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் அந்தப் பட்டம் பெரிய உத்தியோகத்துக்கு வழி. வீட்டாரும் அதைத்தான் எதிர்பார்த்தனர். அவரோ புனேயில் நியூ இங்கிலீஷ் பள்ளியில் ஆசிரியரானார். 1886இல் டெக்கான் கல்விச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தார். மாதம் 75 ரூபாயில் 20 ஆண்டுகள் பணி செய்வது அந்தச் சங்கத்தின் விரதம். 1885இல் தொடங்கிய பெர்குசன் கல்லூரியில் கணிதமும் ஆங்கிலமும் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். விடுமுறை வந்தால் ஊர் ஊராகச் சென்று கல்லூரிக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டினார்.

நன்கொடையின் பலத்தையும் அதன் எல்லையையும் அவர் அந்த அலைச்சலில் கண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கல்லூரிக்குப் பத்துச் செல்வர்களின் படியேறிப் பொருள் திரட்டலாம். நாட்டிலுள்ள லட்சக்கணக்கான கிராமங்களுக்கு அப்படித் திரட்ட முடியுமா? அதற்கு அரசாங்கக் கஜானா அல்லவா திறக்க வேண்டும்?

1902இல் கோகலே வைஸ்ராயின் சட்டசபையில் இடம் பெற்றார். அவ்வாண்டு மார்ச் 26ஆம் நாள் நிகழ்த்திய முதல் வரவுசெலவுப் பேச்சே பெரும் புகழ் பெற்றது. ஏழையின் உப்புக்கு வரி போட்டுவிட்டுக் கஜானாவில் உபரி காட்டுவது செழிப்பின் அடையாளம் ஆகாது என்று புள்ளிவிவரத்தோடு காட்டினார். உப்பு வரி 1903 முதல் படிப்படியாகக் குறைந்தது. உபரிப் பணத்தைக் கல்விக்குத் தாருங்கள் என்று ஆண்டுதோறும் கேட்டார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரே எழுதப் படிக்க அறிந்தவர். இந்தக் கோரிக்கை புனேக்குப் புதிதன்று. உழவர் செலுத்தும் வரியில் உழவர் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று ஜோதிராவ் புலே 1882இலேயே ஹண்டர் கமிஷன் முன் முறையிட்டிருந்தார்.

1910 மார்ச்சில் கோகலே இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வி பற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் கவனிப்பதாகக் கூறவே அதைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மசோதாவாகவே கொண்டுவந்தார். மசோதா மிகவும் அடக்கமானது. விரும்பும் நகரசபையோ ஜில்லா போர்டோ தன் எல்லைக்குள் 6 முதல் 10 வயதுச் சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். மாத வருமானம் 10 ரூபாய்க்கும் குறைவாக உள்ள பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாகாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பொருள் தராமல் கட்டாயம் மட்டும் செய்தால் அந்தச் சுமை ஏழையின் தலையில்தான் விடியும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. மக்கள் கேட்கவில்லை என்றது அரசாங்கம். பணம் இல்லை என்றது. மாகாண அரசாங்கங்கள் விரும்பவில்லை என்றது. வயலுக்குக் கூலியாள் கிடைக்க மாட்டான் என்ற அச்சமும் நிலப்பிரபுக்களிடையே இருந்தது. கட்டாயக் கல்வி பரோடா சமஸ்தானம் முழுவதும் 1906 முதல் நடந்துவருவதைக் கோகலே எடுத்துக் காட்டினார். மாளவியாவும் ஜின்னாவும் துணை நின்றனர். 1912 மார்ச் 19ஆம் நாள் வாக்கெடுப்பு. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா வீழ்ந்தது.

தோற்றவர் சோர்ந்து உட்காரவில்லை. அவ்வாண்டு இறுதியில் தென்னாப்பிரிக்கா சென்று, ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருந்த நம் தமிழ் மக்கள் உள்ளிட்ட இந்தியரின் மீதிருந்த 3 பவுன் தலைவரியை நீக்க வாதாடினார். நீரிழிவு அவர் உடலை அரித்துவந்தது. 1915 பிப்ரவரி 19ஆம் நாள் 48ஆம் வயதில் மறைந்தார். 1905இல் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை அவருக்குப் பின் ஏற்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

அவர் மசோதாவில் எனக்கொரு குறை உண்டு. கட்டாயம் முதலில் சிறுவர்களுக்கே; சிறுமியர் முறை பிற்பாடு. அந்தப் பிற்பாடு வர எத்தனை காலம் ஆயிற்று என்பதற்கு என் அக்காளே சாட்சி. அவர் விதைத்தது முளைக்கவும் காலம் ஆயிற்று. பம்பாயில் 1918இலும் சென்னையில் 1920இலும் ஆரம்பக் கல்விச் சட்டங்கள் வந்தன. 1950இன் அரசியலமைப்பு, பத்தாண்டுக்குள் 14 வயது வரை இலவசக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்றது. 2002இல் அது அடிப்படை உரிமையாயிற்று. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 13 வாக்குப் பெற்ற கருத்து நாட்டின் சட்டமாக 98 ஆண்டுகள் சென்றன.

ஏழைகளின் பள்ளிக்குப் பொதுப்பணம் ஏன் என்று விடுதியில் சில நண்பர்கள் வாதிடுவதுண்டு. அவர்களிடம் நான் சினப்பதில்லை. கூலிக்காரன் வாங்கும் உப்பிலும் தீப்பெட்டியிலும் வரி எடுத்த காலம் உண்டு. அந்த வரியைக் கொடுத்தவன் பிள்ளைக்கு அதில் பங்கில்லையா என்று மட்டும் கேட்பேன். சட்டம் வந்துவிட்டது, ஒழுகும் கூரை இன்னும் எங்கெங்கோ இருக்கிறது. ஆகவே கோகலே கேட்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஊரில் கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித்தர நம் சங்கத்தில் பத்துப் பேர் முன்வரலாகாதா? அது அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு ஈடாகாது. ஆயினும் கோகலேயும் கையில் சாக்குக்கட்டி பிடித்த பின்னரே சட்டசபைக்குப் போனவர். பொதுப்பணத்தில் படித்த நான் முதல் பெயராக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மற்ற ஒன்பது பெயருக்குக் காத்திருக்கிறேன்.