மடை திறந்த மகான்

மனித குலத்திற்குத் தொண்டு செய்த சான்றோர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு நீதிபோதனை வகுப்பில் மாணவர்களைப் பணிப்பதுண்டு. யாரைத் தெரிந்தெடுப்பது என்று பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளையெல்லாம் நினைத்துப் பார்ப்பர். திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமைப் பிள்ளைகள் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாண்டி நாட்டுத் திருக்கோட்டியூரில் நிகழ்ந்த ஒரு செயலே போதும். அதைச் செய்தவர் உடையவராகிய ஸ்ரீ ராமாநுஜர்.

கி.பி. 1017ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில், ஸ்ரீபெரும்பூதூரில் கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தார். காஞ்சியில் வாழ்ந்த காலத்தில், அந்தணர் குலத்தில் பிறவாத திருக்கச்சி நம்பிகளைத் தம் ஆசானாகவே மதித்தார். அவர் அமுது செய்த மிச்சத்தை உண்ண விரும்பித் தம் இல்லத்திற்கு அழைத்தார். இராமாநுஜர் வெளியே சென்றிருந்தபோது நம்பிகள் வந்து உண்டு சென்றார். மனைவியாரோ குலம் கருதி இலையை எறிந்து, இல்லத்தைக் கழுவிவிட்டார். திரும்பி வந்த இராமாநுஜரின் உள்ளம் நொந்தது.

பின்னர்த் திருவரங்கத்திலிருந்து, மந்திரப் பொருள் வேண்டித் திருக்கோட்டியூர் நம்பியிடம் நடந்தார். பலமுறை மறுத்த நம்பி, பதினெட்டாம் முறை இரங்கினார். பிறர்க்கு வெளியிட்டால் நரகமே கிட்டும் என்று ஆணையிட்டே உபதேசித்தார். இராமாநுஜரோ திருக்கோயிலில் கூடியிருந்தோர் அனைவருக்கும் அப்பொருளை வழங்கிவிட்டார். கோபுரத்தின் மேல் ஏறிக் கூறினார் என்பது நாட்டு வழக்கு. குருவின் ஆணையை மீறுவது எத்தகைய குற்றம் என்பதை அவர் அறியாதவரல்லர். தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வரே என்று விடையிறுத்தார். சினந்து நின்ற நம்பி உருகித் தழுவிக்கொண்டு, எம்பெருமானார் என்று பெயரிட்டருளினார்.

சொன்னதை அவர் வாழ்ந்தும் காட்டினார். காவிரிக்கு நீராடச் செல்லும்போது அந்தணராகிய முதலியாண்டானின் கையைப் பற்றுவார். நீராடித் திரும்பும்போது, உறையூரில் மல்லராய் இருந்து அடியவரான பிள்ளை உறங்காவில்லிதாசரின் கையைப் பற்றி வருவார். பிறர் முகம் சுளித்தபோதும் அவ்வழக்கத்தை விட்டாரல்லர். மேல்கோட்டையில், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்னும் பெயர் அளித்து, ஆண்டில் சில நாட்கள் கோயிலினுள் சேவிக்க வழிசெய்தார் என்று வரலாறு கூறும். 1137இல் திருவரங்கத்தில் பரமபதம் எய்தினார்.

அவர் திறந்த கதவு முழுதும் திறக்க நெடுங்காலமாயிற்று. ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழிந்து, 1939 ஜூலை 8ஆம் நாளன்றுதான் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார்.

வானம் பார்த்த இப்பூமியில் வாழ்வோர்க்கு ஒன்று தெரியும். கண்மாய் நிறைந்தால் மட்டும் போதாது. மடை திறந்து கடைமடை வயலுக்கும் நீர் சேர்ந்தால்தான் ஊர் பிழைக்கும். அருளுக்கும் அவ்வாறே மடை திறந்தவர் உடையவர். திருவிழாச் சேவித்து இல்லம் திரும்பும் பெற்றோர், இச்சரிதத்தைத் தம் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக. அவர்கள் அதை ஏட்டில் எழுதுவதோடு நில்லாமல், அருகே நிற்பவரின் கையைப் பற்றவும் கற்பார்களாக.