தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

திருகோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர் சல்லி. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் பொங்கலுக்கு அயலூர்ப் பெண்களும் நேர்த்திக்கடனோடு வந்து கூடுவர். பிள்ளையின் காய்ச்சல், கடலுக்குப் போன கணவனின் நலம் யாவும் அம்மனிடம் முறையிடப்படும். ஆயின் மார்பில் தட்டுப்பட்ட சிறு கட்டியை வைத்தியரிடம் சொல்லப் பெண்கள் பலர் நாணுவர். நோவு இல்லையே என்று மாதங்களைக் கடத்துவர். இது சல்லிக்கு மட்டும் உரிய குறையன்று. தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் காண்பதே. இவ்வாறு காலந்தாழ்தலின் விலையைத் தம் குடும்பத்திலேயே கொடுக்க நேர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் இசை மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரின் ஆணையே கதவைத் திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். தம் வகுப்பிற் பெண்கள் அமர்வதை விரும்பாத அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர், இவர் அப்பாடத்திற் பெற்ற மதிப்பெண்களைக் கண்டபின் மனம் மாறினார் என்பர். 1912இல் பட்டம் பெற்றார். பெண்ணின் உடலைப் பெண் வைத்தியரே பார்க்கலாம் என்ற ஆறுதல் எத்தனை குடும்பங்களின் வாயிலைத் திறந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலாது.

1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். சீதபேதி என்று கருதியே முதலில் சிகிச்சை நடந்தது. மலக்குடலிற் புற்றுநோய் என்பது தெளிந்தபோது காலம் கடந்திருந்தது. வீட்டில் வைத்தியர் இருந்தும் நோய் உரிய வேளையில் அறியப்படவில்லை! கிராமத்துப் பெண்ணின் அறியாமையைக் குறை கூறுவோர் இந்நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளல் வேண்டும். நோயாளி விரைந்து வந்தால் மட்டும் போதாது. வந்தவளின் நோயை ஐயுற்று ஆராயும் வைத்தியரும் வேண்டும். 1925இல் உயர்கல்விக்காக இலண்டன் சென்ற அம்மையாரின் நெஞ்சில் அத்துயரம் ஆறாதிருந்தது.

பின்வந்த ஆண்டுகளில் அவர் பொதுவாழ்வில் இறங்கினார். சென்னைச் சட்டசபையின் உறுப்பினராகி அதன் துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தியடிகள் சிறைப்பட்டபோது 1930இல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற சிறுமியர்க்கு அவ்வை இல்லத்தை நிறுவினார். இவை பலரும் அறிந்தவை.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிற் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் எண்ணத்தை வெளியிட்டார். அது நிறைவேற ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன. புற்றுநோய் கண்டவர் எப்படியும் இறப்பர், அவர்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று அதிகாரத்திலிருந்தோர் ஐயுற்றனர். மருத்துவமனைக்கு வராத பெண்ணும் அதனையே அன்றோ நம்பினாள்? அம்மையார் சளைக்கவில்லை, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். ஏழையர்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை என்பது அதன் வழக்கமாயிற்று. பணமில்லாமையால் நோயை மறைப்பவளுக்கு அதைவிடச் சிறந்த அழைப்பு வேறென்ன?

நம் நாட்டில் இந்நோய்க்கு நெடுங்காலம் மகரகம வைத்தியசாலையே புகலிடமாக இருந்தது. சல்லியிலிருந்து அங்குச் செல்வதாயின் நாட்டின் குறுக்கே 250 கிலோமீட்டருக்குமேற் பயணம் செய்தல் வேண்டும். பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது, தங்குமிடம் எங்கே என்ற கவலைகள் நோயைவிட முந்திக்கொள்ளும். 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 35 வயதை எட்டிய பெண்களை நோய் வருமுன்னரே அழைத்துச் சோதிக்கத் தொடங்கின. மார்பையும் கருப்பைக் கழுத்தையும் சோதிப்பதற்குச் சிறிது நேரமே போதும். ஊர் மருத்துவ மாது வீட்டுக்கு வந்து சொல்லும்போது, அவ்வழைப்பு ஓர் அக்காள் சொல்லும் சொல்லாகவே கேட்கிறது.

அம்மையார் 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த மருத்துவமனை இன்றும் அடையாற்றில் நோயாளரை வரவேற்று வருகிறது.