வறண்ட மண்ணில் கல்விப் பயிர்

செட்டிநாடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெரிய மாளிகைகளும் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தளக் கற்களுமே. ஆனால் அம்மாளிகைகளைக் கட்டிய செல்வம் அந்த மண்ணில் விளைந்ததன்று. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாமல், மழையையும் கண்மாயையும் நம்பியிருந்த பூமி அது. பிழைப்புக்கு வழி தேடி ஆடவர் கடல் கடந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றனர்.

அங்கே கொடுக்கல் வாங்கல் கடையில் ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கணக்கெழுதப் பழகுவான். பின்னர் அடுத்தாளாக உயர்ந்து, திறமை இருந்தால் கடையையே நடத்தும் மேலாளாவான். அதுவும் ஒரு நல்ல தொழிற்பயிற்சிதான். ஆயினும் 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, பல தலைமுறைகள் தேடிய செல்வமும் அத்தொழிலும் ஆட்டங்கண்டன. இனி இவ்வூர் இளைஞர் எதைக் கற்று எப்படி வாழ்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண முயன்றவரே வள்ளல் அழகப்பச் செட்டியார். அவருடைய வாழ்க்கையை இங்கு நாம் சுருக்கமாகக் காண்போம்.

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். தாயகம் திரும்பியதும் குடும்பத் தொழிலோடு நின்றுவிடாமல் நூற்பாலை, விமானப் போக்குவரத்து எனப் பல துறைகளில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார்.

ஆலைக்கு வேண்டிய இயந்திரத்தைப் பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். அதன் நுட்பம் அறிந்த பொறியாளரையும் வேதியியல் வல்லுநரையும் கடையில் வாங்க முடியுமா? அவர்களை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். கல்லூரியும் ஆய்வுக்கூடமும் நல்லாசிரியரும் வேண்டும். தொழிலதிபராகிய அழகப்பர் இதை நன்கு உணர்ந்திருந்தார் என்பதை அவர் கொடைகளே நமக்குக் காட்டுகின்றன. அவர் அளித்த 5 இலட்சம் ரூபாய் நன்கொடையால் 1944-இல் சென்னை கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. வேதிப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்பட்டன.

1947 ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் அம்மையார் நூற்றாண்டு விழாவில், துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த மேடையிலேயே அழகப்பர் காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார். சொன்ன சொல்லின் ஈரம் காயுமுன், ஆகஸ்டு மாதத்திலேயே, காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் கல்லூரி தொடங்கிவிட்டது!

அடுத்து அவர் செய்த கொடை நம்மை மேலும் வியக்க வைக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் தேசிய ஆய்வகங்கள் அமைக்கப்பட்டு வந்த காலம் அது. அவற்றுள் ஒன்று காரைக்குடிக்கு வர வேண்டும் என்று விரும்பிய அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கல் திருநாளை ஒட்டி, அந்நாள் குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். இதுவே சிக்ரி என்று அழைக்கப்படும் மத்திய மின் வேதியியல் ஆய்வகம். மின்கலம், உலோகப் பூச்சு, துருப்பிடிப்பதைத் தடுத்தல் முதலியவை இங்கே ஆராயப்படுகின்றன. உப்புக்காற்று இரும்பை எவ்வாறு அரிக்கிறது என்று ஆராய மண்டபத்திலும் இதற்கு ஒரு நிலையம் உண்டு.

1952-இல் பொறியியல் கல்லூரி எழுந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, உடற்பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், சிறுவர் பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் வளர்ந்தன. பட்டம் பெறும் பொறியாளரோடு, பட்டறையில் நின்று வேலை வாங்கும் டிப்ளமோ படித்தவரும், இருவருக்கும் அடிப்படைக் கல்வி தரும் ஆசிரியரும் வேண்டுமல்லவா? பெண்கள் கல்லூரிக்காகத் தாம் வாழ்ந்த இல்லத்தையே அவர் கொடுத்தார். பெண்களாகிய நாம் இதை மறக்கலாகாது.

இத்தனையும் செய்தவர் உடல் நலமுடையவராக இருந்தாரா? இல்லை. இளமையிலேயே அவரைத் தொழுநோய் பற்றியது. இன்று அதை முற்றிலும் குணப்படுத்திவிடலாம். அந்நாளிலோ அந்நோய் கண்டவரைப் பிறர் ஒதுக்கினர். அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று நினைக்கும்போதே நம் கண்கள் கலங்குகின்றன. எனினும் அவர் உலகத்தை வெறுக்கவில்லை. பிறர் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துகொண்டே இருந்தார். 1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1957 ஏப்ரல் 5-ஆம் நாள், தம் 48-ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர் மறைந்தார். 1985-இல் அவர் பெயரால் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உதயமாயிற்று.

அங்கே படித்தவர்களிலும் பலர் வேலைக்கு வெளியூர்தானே போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கல்லூரி எழுந்த ஊரிலெல்லாம் உடனே ஆலைகள் எழுந்துவிடுவதில்லை. ஆனால் கையில் உயர்ந்த தொழிலறிவோடு செல்பவரின் நிலை வேறு. எதுவும் கல்லாமல் பிழைப்புத் தேடிப் போவோரின் நிலை வேறு. அதுமட்டுமன்று, முன்பு கற்பதற்கே ஊரைவிட்டுப் போன நிலை மாறி, இன்று வெளியூர் மாணவரும் கற்பதற்குக் காரைக்குடிக்கு வருகின்றனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் புத்தகமும் தருவோர்க்கெல்லாம் அதனால் வாழ்வு உண்டாயிற்று.

பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் நாம் விரைவில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளியோ பாலிடெக்னிக்கோ, எதில் சேர்ந்தாலும் ஒரு தொழிலையேனும் அரைகுறையாக அன்றி ஆழமாகக் கற்போம். அழகப்பரைப் போல் 300 ஏக்கர் கொடுக்க நம்மிடம் நிலமில்லை. கற்ற அறிவை நம் ஊருக்குப் பயன்படச் செய்ய நம்மால் முடியும். அதுவே அவ்வள்ளலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.