பல துறைக் கண்ணோடு அரசியலை நோக்கிய அண்ணல்

1989-இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, வேலூரும் ஆம்பூரும் அடங்கிய நம் பகுதி சில ஆண்டுகள் அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கி நின்றது.

1891-இல் பிறந்த அவர், பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடும் உரிமையின்றி வளர்ந்தவர். 1913-இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலோடு சமூகவியல், வரலாறு, மானிடவியல் ஆகியவற்றையும் பயின்றார். 1916-இல் சாதியின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1923-இல் ரூபாயின் சிக்கல் குறித்து நூல் வெளியிட்டார். இலண்டனில் சட்டமும் கற்றார்.

இத்துறைகள் யாவும் கூடிய இடமே, அவர் தலைமையேற்ற வரைவுக்குழு யாத்த அரசியலமைப்பு. அது நிறைவேறவிருந்த 1949 நவம்பரில், வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நீடித்தால் மக்களாட்சியே தகரும் என எச்சரித்தார். சட்டம் ஒன்றையே கற்றவர்க்கு இவ்வச்சம் எளிதில் தோன்றாது.

1956-இல் அண்ணல் மறைந்தார். பாலாற்றங்கரைத் தோல் தொழிலாளியின் கூலியையும் குடிநீரையும் அறியாது கற்கும் அரசியல் நிறைவுறாது என்பதே நம் மாணவர்க்கு அவர் வாழ்வு தரும் பாடம்.