நீலக் குருதியை எடையிட்ட பேராசிரியர்

குருதி என்றதும் செந்நிறமே நம் நினைவுக்கு வரும். ஆனால் எல்லா உயிர்களின் குருதியும் சிவப்பன்று. நண்டு, இறால், தேள், நத்தை, கணவாய் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களின் குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரும்பு அன்று, செம்பு. பிராணவாயு சேராதபோது நிறமற்றிருக்கும் அக்குருதி, அது சேர்ந்ததும் நீலநிறம் பெறுகிறது. பெல்ஜிய நாட்டு உடலியல் அறிஞர் லியோன் ஃபிரெடெரிக் 1878-இல் பேய்க்கணவாயின் குருதியை ஆராய்ந்து, அதிலுள்ள புரதத்திற்கு ஹீமோசயனின் என்று பெயர் சூட்டினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த நீலப் புரதத்தை எடை போட்டுப் பார்த்து, உயிர்ப்பொருளைப் பற்றி உலகம் கொண்டிருந்த கருத்தையே மாற்றியவர் ஒருவர் உண்டு. அவரே ஸ்வீடன் நாட்டுத் தியோடோர் ஸ்வெட்பெர்க்.

1884-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், ஸ்வீடனில் யாவ்லே நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஸ்வெட்பெர்க் பிறந்தார். தந்தையார் பொறியாளர். இளமையிலேயே செடி கொடிகளின் மீதும் வேதியியல் மீதும் அவருக்குப் பெருவிருப்பம். 1904-இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 1907-இல், டாக்டர் பட்டமும் பெற்றுவிட்டார்! அதன் பின்னர் அவர் வாழ்வு முழுவதும் அப்பல்கலைக்கழகத்தோடு பிணைந்தே இருந்தது. 1912-இல், இருபத்தெட்டாம் வயதில், பௌதிக வேதியியல் பேராசிரியரானார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட துறை கூழ்மங்களைப் பற்றியது. பொன், வெள்ளி முதலிய உலோகங்களின் நுண்துகள்கள் நீரில் மிதந்து ஓயாது அசைந்துகொண்டிருப்பதை அவர் நுணுகி நோக்கினார். அணுக்கள் உண்மையிலேயே உள்ளனவா என்று அறிஞர் சிலர் ஐயுற்ற காலம் அது. அந்த அசைவின் வேகத்தைத் தாம் அளந்துவிட்டதாக ஸ்வெட்பெர்க் அறிவித்தார். அவ்வேகம் கண்ணால் அளக்கக் கூடியதன்று என்று 1907-இல் ஐன்ஸ்டைன் எடுத்துக்காட்டினார். அத்துறையில் வெற்றி மாலை பிரான்சு நாட்டு ழான் பெரைனுக்கே கிடைத்தது. இளம் வயதில் இத்தகைய அடி விழுந்தால் பலர் சோர்ந்து போவர். ஸ்வெட்பெர்க் சோரவில்லை, மேலும் துல்லியமான கருவிகளைத் தேடலானார்.

1923-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்குச் சென்று சில மாதங்கள் தங்கினார். கலங்கிய நீரைக் குடத்தில் வைத்தால் மண் தானாகவே அடியில் படிகிறது. ஆனால் மிக நுண்ணிய துகள்கள் எத்தனை நாள் காத்திருந்தாலும் படிவதில்லை. புவியீர்ப்பைவிடப் பன்மடங்கு வலிய விசை இருந்தால் அவையும் படியுமல்லவா? அவ்வாறு படியும்போதே ஒளியால் படம் பிடித்தால், துகளின் எடையைக் கணக்கிட்டு விடலாமல்லவா? இந்த எண்ணத்தின் விளைவே அதிவேக மையவிலக்குக் கருவி. தாயகம் திரும்பியபின், 1924-இல், ஹெர்மன் ரிண்டே என்பவருடன் சேர்ந்து அதை உருவாக்கினார். 1926-இல் எண்ணெய்ச் சுழலியால் இயங்கும் கருவி நிமிடத்திற்கு 40,000 சுற்றுகளுக்கு மேல் சுழன்றது. அதில் பிறந்த விசை புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு.

அக்காலத்தில் புரதங்களைப் பற்றி நிலவிய கருத்து யாது? புரதம் என்பது சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட கூழ்மம். அதற்கெனத் திட்டமான உருவோ எடையோ இல்லை என்று பலர் நம்பினர். கூழ்ம ஆராய்ச்சியில் ஊறிய ஸ்வெட்பெர்க்கும் பல்வேறு எடையுள்ள துகள்களின் கலவையையே எதிர்பார்த்தார். ராபின் ஃபோரேயஸுடன் சேர்ந்து முதலில் செங்குருதியின் ஹீமோகுளோபினைச் சோதித்தார். அதன் துகள்கள் யாவும் ஒரே எடையின! ஏறத்தாழ 67,000 என்று கணக்கு வந்தது. 1925-இல் கேம்பிரிட்ஜில் அடேர் முற்றிலும் வேறான முறையில் கண்ட எண்ணும் இதுவே.

அடுத்துத்தான் நத்தையின் நீலக் குருதி வந்தது. கிர்னோவாகா என்ற ஆய்வாளருடன் அவர் 1928-இல் வெளியிட்ட முடிவு வேதியியலாரைத் திகைக்கச் செய்தது. ஹீமோசயனினின் மூலக்கூற்று எடை சுமார் 50 லட்சம் என்றது அக்கட்டுரை. பின்னர் நடந்த அளவைகள் அதனை ஏறத்தாழ 90 லட்சம் என உயர்த்தின. ஹைட்ரஜன் அணுவைப் போல் 90 லட்சம் மடங்கு கனமுள்ள ஒரே மூலக்கூறு! அவ்வளவு பெரிய பொருள் சிதறிக் கிடக்கும் கலவையாக இல்லை. குழாயில் கூரிய எல்லைக்கோடு இட்டாற்போல் ஒருசேரப் படிந்தது. கரைசலின் காரத்தன்மையை மாற்றினால் அம்மூலக்கூறு சரிபாதியாகவும் பத்தில் ஒரு பங்காகவும் பிரிந்தது. பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் மீண்டும் இணைந்தது. உயிர்ப்பொருள் குழப்பமான கூழன்று, ஒழுங்காகக் கட்டப்பட்ட அமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேறென்ன வேண்டும்? தம் துறையின் நம்பிக்கைக்கு எதிராகக் கருவி பேசியபோது, ஸ்வெட்பெர்க் கருவியின் பக்கமே நின்றார்.

1926-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் பௌதிகப் பரிசைப் பெற்றவர் முன்னர் அவரை முந்திய பெரைனே.

பெரியோரும் வழி தவறுவதுண்டு. எல்லாப் புரதங்களின் எடையும் ஓர் அடிப்படை அலகின் மடங்குகளே என்று ஸ்வெட்பெர்க் ஒரு விதி வகுத்தார். அந்த அலகு முதலில் 34,500 என்றார். பின்னர் 17,600 என்றார். இன்சுலினும் அவர் கணக்கில் 35,000 ஆயிற்று. 1955-இல் சாங்கர் இன்சுலினின் முழு அமைப்பையும் கண்டு முடித்தபோது அதன் எடை 5,800 அளவே எனத் தெளிவாயிற்று. பல மூலக்கூறுகள் சேர்ந்திருந்த திரளையே ஸ்வெட்பெர்க்கின் கருவி எடையிட்டிருந்தது. விதி வீழ்ந்தது, கருவி வாழ்ந்தது. 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் டி.என்.ஏ. இரட்டிக்கும் முறையை மெய்ப்பித்தது அதிவேக மையவிலக்கின் துணையால்தான். அவருடைய மாணாக்கர் ஆர்னே டிசேலியஸ் 1948-இல் நோபெல் பரிசு பெற்றார்.

1949-இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் ஸ்வெட்பெர்க் உப்சாலாவில் அணுக்கரு வேதியியல் நிலையத்தை நடத்தினார். ஓவியம் தீட்டுவதும் செடிகளைத் தொகுப்பதும் அவருடைய பொழுதுபோக்குகள். 1971 பிப்ரவரி 25-ஆம் நாள் கொப்பார்பெர்க் என்னும் ஊரில் காலமானார்.

அவர் எடையிட்ட நீலப் புரதத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நத்தையின் ஹீமோசயனின் மூலக்கூறு இருபது நீண்ட சங்கிலிகளால் ஆன உருளை; பிராணவாயுவின் ஒவ்வொரு மூலக்கூற்றையும் இரண்டு செம்பு அணுக்கள் பற்றிக்கொள்கின்றன என்பதை இன்று அறிவோம். கலிபோர்னியக் கடற்கரையில் வாழும் ஒருவகைக் கடல்நத்தையின் ஹீமோசயனின், நோய் எதிர்ப்பாற்றல் ஆராய்ச்சியில் பெரிதும் பயன்படுகிறது. தனித்து எதிர்ப்பைத் தூண்டாத சிறு மூலக்கூறுகளை இப்பெரும் புரதத்தோடு பிணைத்து விலங்குகளுக்குச் செலுத்தினால், உடல் அதனை அயலாகக் கண்டு எதிர்ப்பொருள்களைப் படைக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இதனை மருந்தாக்கும் முயற்சியும் 1970-களில் தொடங்கியது.

நம்மிடையே உயிர்வேதியியல் பயிலும் தோழர்கள் ரைபோசோமை 70 எஸ் என்றும் 80 எஸ் என்றும் நாள்தோறும் எழுதுகின்றனர். அந்த 'எஸ்' என்னும் எழுத்து ஸ்வெட்பெர்க்கின் பெயரே. தாம் எதிர்பாராததைக் கண்டபோது அதனை மறைக்காமல் ஏற்றுக்கொண்ட ஓர் அறிஞரை, அவ்வெழுத்தை எழுதும்போதெல்லாம் நாம் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.