பம்மல் சம்பந்த முதலியாரும் இரு சபாபதிகளும்

நாடகம் ஆடுவோரைக் கூத்தாடிகள் என இகழ்ந்து, அவர்தம் ஆட்டத்தை மட்டும் இரவெல்லாம் கண்விழித்துக் கண்டு களிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்தது. அவ்விகழ்ச்சியைத் தம் வாழ்நாள் உழைப்பால் துடைத்தவருள் தலைசிறந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். அவரது வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1873ஆம் ஆண்டு சென்னையில் விஜயரங்க முதலியாரின் மைந்தராகத் தோன்றினார். இளமையில் தமிழ் நாடகத்தின்பால் இவருக்கு வெறுப்பே மிகுந்திருந்தது. 1891ஆம் ஆண்டு பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகங்கள் அவ்வெறுப்பை மாற்றின. கற்றோரும் மேடையேறலாம் என்பதைக் கண்கூடாகக் கண்ட முதலியார், அவ்வாண்டிலேயே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். அப்பொழுது அவருக்கு வயது 18.

பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். எனினும் நாடகத்தைக் கைவிட்டாரில்லை. பாட்டே மலிந்திருந்த மேடையில் உரைநடைக்கு உரிய இடம் அளித்தார். மனோகரா முதலாகத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெத்தை அமலாதித்யனாகத் தமிழுலகில் உலவவிட்டார். சத்தியமூர்த்தி போன்ற பெரியோரும் அச்சபையில் நடித்தனர்.

அவருடைய நகைச்சுவை நாடகங்களுள் சபாபதி குறிப்பிடத்தக்கது. அது 1941ஆம் ஆண்டு ஏ. வி. மெய்யப்பனால் திரைப்படமாக்கப்பட்டது. செல்வர் மகனான சபாபதியாக டி. ஆர். ராமச்சந்திரனும், அதே பெயருடைய வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். வேலைக்காரன் ஏவியதை ஏவிய சொல்லின்படியே செய்து அல்லற்படுவான். எசமானனோ பரீட்சையில் தேறமாட்டாது தத்தளிப்பான். அறிவில் இருவரும் ஒரு தட்டினரே. ஆயினும் ஒருவன் மெத்தையில் அமர்ந்து ஏவுகின்றான். மற்றவன் கைகட்டி நிற்கின்றான். இவ்வேற்றுமை பிறப்பாலும் பொருளாலும் வந்ததேயன்றித் தகுதியால் வந்ததன்று என்பதை, இருவர்க்கும் ஒரே பெயர் சூட்டியதனாலேயே ஆசிரியர் உணர்த்திவிட்டார் என்பது நம் கருத்து. சினந்து கூறியிருப்பின் செல்வர் செவிசாய்த்திரார். நகைக்க வைத்தமையால் அவர்களும் தம்மைத் தாமே கண்டு நகைத்தனர்.

இப்படிப்பினை நம் பகுதிக்கும் பொருந்தும். பள்ளிகொண்டா தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் தொழிலால் பலர் வாழ்கின்றனர். அத்தொழிலின் முதலாளி மகனும் தொழிலாளி மகனும் வகுப்பில் ஒரே பலகையில் அமரலாம். கோடை விடுமுறை வந்ததும், ஒருவன் தந்தையின் கணக்கறைக்கும், மற்றவன் தந்தையுடன் தோல் ஊறும் தொட்டியருகுக்கும் செல்லக்கூடும். பத்து மாதம் பெயர் சொல்லி அழைத்த தோழனை அவ்விரண்டு மாதமும் அவ்வாறே அழைக்க நமக்கு மனம் வருமா? கல்வியின் உண்மைப் பரீட்சை அவ்விடுமுறையிலேதான் நடைபெறுகின்றது.

முதலியார் 1959இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார். நீதிபீடமும் நாடகமேடையும் அவருக்குச் சமமாயிருந்தன. மேடையில் எசமானனையும் ஏவலாளனையும் ஒரே பெயரால் அழைத்த அப்பெரியாரின் நெஞ்சம் நம் மாணவர்க்கும் வாய்ப்பதாக.